தொலேதோவில் வெள்ளை கட்டிய தெரு

வியாழக்கிழமை காலை 7.10. மட்ரிட் விமான நிலையம். மொன்றியலில் இருந்து வந்த எங்கள் விமானம் பிந்தித்தான் இறங்கியது. கொழும்புப் பக்கம் போக வேண்டிய அடுத்த விமானம் எங்களுக்காகக் காத்திராமல் போய்விட்டது. இனி இரவு 9.40க்குத்தான். விமான நிறுவனத்தின் கருமபீடத்தில் இருந்த பெண் இரண்டு சாப்பாட்டுச் சீட்டுகளைத் தந்து கையொப்பம் வாங்கினாள். அவற்றின் பின்பக்கத்து நிபந்தனைகளை நான் முழுவதும் வாசித்தேன். வாசிக்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு யாழ்ப்பாணத்தில் எங்கள் அக்காவின் பிரேதப் பெட்டியைத் தூக்குவார்கள். ஸ்பெயினில் அப்போது 11.30. போய்விட்ட விமானத்தைப் பிடித்திருந்தாலும் நாங்கள் அதற்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம்.

அக்கா இறந்தது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் மாலையே நாங்கள் புறப்பட்டிருக்கலாம். ஆனால் தம்பி ரகுவின் கடவுச்சீட்டு முடிய ஆறு மாதத்துக்கு ஒன்பது நாள் குறைவாக இருந்தது. இலங்கைக்குள் போக ஆறு மாதம் வேண்டும் என்பது விதி. நான் மாநகரசபையின் அனுமதிப்பத்திரப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மொன்றியலில் நாங்கள் இருக்கும் வில்லரேப் பகுதியில் எங்கள் ஆட்கள் என்னைக் கேட்காமல் ஒரு படிவமும் நிரப்புவதில்லை. அவசர சேவையில் புதுக் கடவுச்சீட்டு எடுக்க வைத்தேன். செவ்வாய் மாலை கைக்கு வந்தது. புதன்கிழமை விமானத்தில்தான் இடம் கிடைத்தது. மொன்றியலில் எங்களைச் சரிபார்த்தவர் ரகுவின் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். திகதியைப் பார்க்கவே இல்லை.

 ரகுவுக்கு வேறொரு நினைப்பு. ஞாயிறு காலை அக்கா அழைத்தபோது அவன் செயின்ட்-மிஷேலில் தான் வேலை செய்யும் உணவகத்தின் அடுப்படியில் நின்றான். "பேந்து எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டான். பிறகு எடுப்பதற்குள் அவள் போய்விட்டாள். பெட்டியை மூட முதல் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கதைக்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு மிஞ்சியிருந்த ஆசை. நாங்கள் மட்ரிட்டில் மாட்டியது தெரிந்ததும் அக்காவின் மகன் சுதன், ஸ்பெயின் நேரம் 11.15க்கு அழைத்து, கைபேசியை முகத்தருகே பிடிப்பதாகச் சொல்லியிருந்தான்.

"இதுக்குள்ளை இருந்து பாக்கமாட்டன் அண்ணை. ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு," என்றான் ரகு. சுவரில் இருந்த படமொன்றைக் காட்டினான். ஆறு சுற்றிவரும் குன்றின்மேல் ஒரு பழைய நகரம். "அங்கை போவம்."

"அது தொலேதோ. எழுபது கிலோமீற்றருக்கு மேலை."

"போயிட்டு வர நேரம் காணுமே?"

"காணும்."

"பேந்தென்ன? வாங்கோ."

ரயிலில் இடமில்லை என்றார்கள். ஒரு வியாழக்கிழமை காலையில் ஏன் இடமில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. 9.15 பேருந்தில் போனோம். ஆளுக்கு ஆறு யூரோ. காய்ந்த வயல், தொழிற்சாலை, மறுபடி காய்ந்த வயல். முன் இருக்கையில் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த ஒருவர், மார்பில் பதக்கம் குத்திக்கொண்டு நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

10.20. நகரும் படிகளில் ஏறிப் பழைய நகருக்குள் நுழைந்ததும் விளங்கியது. அன்று அந்த ஊர்க் கத்தோலிக்கரின் நற்கருணைத் திருவிழா. கல் பாவிய ஒடுங்கிய தெருவில் தைம் என்ற மூலிகையைத் தழை தழையாகப் பரப்பியிருந்தார்கள். மிதிக்க மிதிக்க மணத்தது. தெருவின் இருபுறமும் வாடகைக்கு நாற்காலிகள். தலைக்கு மேலே வீட்டுக்கு வீடு இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி.

ரகு அண்ணாந்து பார்த்தான். "வெள்ளை கட்டியிருக்கிறாங்கள்."

"வெயிலுக்கு."

"எங்கடை வீட்டிலையும் இப்ப கட்டியிருப்பினம்." கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு நின்றான். "செத்தவீட்டுத் துடக்கோடை கோயில் பக்கம் போறம் அண்ணை."

"அவையின்ரை சட்டத்திலை துடக்கு இல்லை."

"ஓம், எல்லாச் சட்டமும் உங்களுக்குத் தெரியும்."

அமைதியான மூலை ஒன்றைத் தேடினோம். பக்கத் தெருக்களைத் தடுப்புப் போட்டு மூடியிருந்தார்கள். கூட்டம் எங்களை ஒரு வீட்டுச் சுவரோடு நெருக்கியது. முன்னால் இருந்த நாற்காலியில் வயதான பெண்ணொருத்தி. உச்சிக் கொண்டையில் இருந்து தோள்வரை கறுப்பு லேஸ் வலை. அவள் மட்டுமல்ல, அந்தத் தெருவில் பல பெண்கள் அப்படித்தான் உடுத்தியிருந்தார்கள். எல்லோரும் எங்கள் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போலத் தெரிந்தார்கள்.

11.14. சுதன் அழைத்தான். பந்தல் தெரிந்தது, ஆட்களின் முதுகு தெரிந்தது. "சின்ன மாமா, பொறுங்கோ, கிட்டப் போறன்." பெட்டியின் விளிம்பு வந்தது. மாலை வந்தது. முன்னால் இருந்த பெண் திரும்பித் திரையைப் பார்த்தாள்.

"மா சேர்," என்றான் ரகு. என் சகோதரி என்று சொல்ல அவனிடம் மொன்றியல் பிரெஞ்சுதான் இருந்தது. அது அவளுக்குப் போதுமாக இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து, தன் நாற்காலியில் அவனை இருத்தினாள்.

அந்த நேரம் மணிகள் அடித்தன. ஊர்வலம் திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்தது. நற்கருணையை வைத்த, தேர் போல உயர்ந்த தங்கக் கதிர்பாத்திரம். மேல் மாடங்களில் இருந்து ரோசா இதழ்கள். தெருவில் நின்ற அத்தனை பேரும் கைபேசியை உயர்த்தினார்கள். எங்கள் திரையில் படம் நின்றுபோனது. மாலையும், அக்காவின் முகத்தில் நாடியும் மட்டும். அதற்கு மேலே சுதனின் விரல்.

"அக்கா," என்றான் ரகு. "அக்கா, கேக்குதே?"

திரை கறுத்தது. நான் என் கைபேசியில் முயன்றேன். இணைப்பு இல்லை. ரகுவின் மடியில் இதழ்கள் விழுந்துகொண்டே இருந்தன. அவன் தட்டிவிடவில்லை.

11.50. கூட்டம் கலைந்ததும் சுதனின் செய்தி வந்தது: மூன்று தரம் எடுத்தேன் மாமா, ஐயர் அவசரப்படுத்தினார், மூடிவிட்டோம். செத்தவீட்டை நேரலையில் காட்டும் இணைப்பைத் திறந்தேன். கமெரா முற்றத்தில் தனியே நின்றது. பெட்டி போய்விட்டது. இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரகு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தொலேதோவிலும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு வந்தார்கள். ரகு இருந்ததுதான் கடைசி. நாற்காலிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். ரகு எழும்பினான்.

பிற்பகல் 1.30 பேருந்து. பாதி வழியில் ரகு கேட்டான்: "பழைய பாஸ்போட்டோடை போயிருந்தா, உண்மையாத் திருப்பி அனுப்பியிருப்பாங்களே?"

ஒன்பது நாள் குறைவென்றால் எந்த அதிகாரி என்ன செய்யலாம், மரணவீடு என்றால் யாரிடம் விலக்குக் கேட்கலாம் என்றெல்லாம் எனக்குத் தெரியும். திங்கட்கிழமையும் தெரிந்திருந்தது. கேட்டுப் பார்க்கவில்லை.

"தெரியாது," என்றேன்.

"உங்களுக்கோ தெரியாது?" என்றுவிட்டு அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாலை 7.30. மட்ரிட் விமான நிலையத்தில் வெயில் இன்னும் தாழவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி ரகுவின் புதுக் கடவுச்சீட்டைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அழுது வீங்கிய அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தார். திகதியைப் பார்க்கவில்லை.