கருங்குழிக்குப் போன பெருநாள் தட்டு

எங்கள் சின்னத்தாவுக்கு இரண்டாவது நிக்காஹ் பேசி முடித்த விஷயம் அந்த நோன்பு மாதத்தில் கடப்பாக்கம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. அவர் மனைவியான சின்னம்மா ஒருவருக்குத்தான் தெரியாது. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்க முடியுமா என்று கேட்பீர்கள். சின்னம்மாவின் தமிழ் அரைகுறை. அவர் எதிரிலேயே பேசலாம். கொஞ்சம் வேகமாகப் பேசினால் போதும்.

சின்னத்தா என் அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி. புதுச்சேரியில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, மொராக்கோவுக்குப் போனவர். பென்ஷனோடு திரும்பி வந்தபோது மெக்னஸ் என்ற ஊரிலிருந்து சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் பிறப்பதற்கு முன்பே நடந்தது அது. சின்னம்மா நல்ல உயரம், முகவாயில் பச்சை குத்திய புள்ளி, எந்நேரமும் தலையில் கட்டிய துணி. கோழியை அவர் தம் மொழியில் விரட்டினால்கூட, அரபியாயிற்றே என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆமீன் சொல்வார்கள். அந்த மரியாதை எல்லாம் கொஞ்ச காலம்தான். குழந்தை பிறக்கவில்லை என்று ஆனதும் ஆமீன் நின்றுவிட்டது.

அத்தாவின் அக்காவை நாங்கள் மாமி என்போம். புருஷனை இழந்து எங்களோடு இருந்தவர். வீட்டின் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருக்கும். "மரம் கீது, காய் எங்கடி?" என்று அவர்தான் ஆரம்பித்தார். அத்தா தலையாட்டினார். சின்னத்தா, "உங்க இஷ்டம்" என்றார். பட்டாளத்தில் இருந்த மனிதர் வீட்டில் வேறு எந்த வார்த்தையும் பேசி நான் கேட்டதில்லை.

கருங்குழியில் பெண் பார்த்தார்கள். மாமியும் அம்மாவும் போனபோது நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். அப்போது மூன்றாம் வகுப்பு. பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, என்னைவிட ஒரு தலை உயரம்தான் இருந்த அந்தப் பெண் என்னை உள்ளே அழைத்துப்போய் என் பின்னலைப் பிரித்து மறுபடி பின்னிவிட்டாள். பல்லாங்குழி ஆடினோம். அவள் தோற்றாள், உதட்டைப் பிதுக்கினாள். மாமி அவள் கையில் பட்டுப் புடவையும் மோதிரமும் வைத்துப் பேச்சை முடித்தார். திரும்பும் வழியில் என்னைப் பார்த்து, "வூட்ல மூச்சு வுட்ட, நாக்க இழுத்து வெச்சி அறுத்துடுவேன்" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் சின்னம்மா ஒரு பணியாரம் சுடுவார். அதன் பெயர் எங்கள் நாக்கில் புரளாது. மானின் பாதம் என்று அர்த்தமாம். எங்களுக்கு அது பிறையாகத் தெரிந்ததால் பிறைப் பணியாரம் என்றோம். அவருடைய ஊரில் உள்ளே பாதாமை அரைத்து வைப்பார்களாம். இங்கே மணல்மேட்டுத் தோப்புகளில் முந்திரிதானே விளைகிறது. முந்திரியை அரைத்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் சேர்த்து, ஏதோ ஒரு பூவின் தண்ணீருக்குப் பதிலாகப் பன்னீர் தெளித்துப் பிசைவார். மைதாவை வெண்ணெய் விட்டுப் பிசைந்து, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து, பூரணத்தை வைத்துச் சுருட்டி, பிறையாக வளைத்து, முதுகைக் கிள்ளிக் கிள்ளிக் கூர்மையாக்குவார். அங்கே தட்டுகளைத் தெருவுக்குப் பொதுவான அடுப்புக்குத் தலையில் சுமந்து போவார்களாம். இங்கே ஏது அது? அகலமான சட்டியில் கடற்கரை மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை இறக்கி, மூடியின்மேல் தேங்காய் ஓட்டுத் தணலை வைத்துச் சுடுவார். பழுப்பேறிவிடக் கூடாது. வெளுப்பாகவே வெந்திருக்க வேண்டும்.

பெருநாளுக்கு முந்தின நாள் பிற்பகல் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா தணலைக் கவனித்துக்கொண்டிருந்தார். அடுக்கி வைத்த பிறைகளைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"கருங்குழி சின்னம்மாவுக்கும் குடுப்பீங்களா?"

"யாரு?"

சின்னம்மாவிடம் எப்போதும் நிறுத்தி, தெளிவாகப் பேச வேண்டும் என்று அத்தா சொல்லியிருந்தார். அப்படியே பேசினேன். "சின்னத்தா கட்டிக்கப் போற அக்கா. பெருநாள் முடிஞ்சி நிக்காஹ். எனக்குப் பாவாடகூட தெச்சாச்சி."

அவர் விரல்கள் மாவின் மேல் அப்படியே நின்றன. சொல்லிவிட்டோமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவைப் பார்த்தேன். முதுகில் ஒரு அறை விழும் என்று காத்திருந்தேன். அம்மா என்னைப் பார்க்கவேயில்லை.

"மேல தணல் பத்தல" என்று சொல்லிவிட்டு ஊதுகுழலை எடுத்தார்.

சின்னம்மா மறுபடி கிள்ளத் தொடங்கினார். அன்றைக்கு இருந்த முந்திரி முழுவதையும் அரைத்துவிட்டார்.

பெருநாள் தொழுகை முடிந்து, பிரியாணி தின்று ஆண்கள் படுத்துவிட்டார்கள். மாமி பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தார். சின்னம்மா பெரிய பித்தளைத் தட்டில் பிறைகளை அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். "கருங்குழி. நீ வா" என்றார்.

அம்மாவும் சின்னம்மாவும் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. உப்பு எங்கே, வாளி எங்கே என்பதற்குமேல் அவர்களுக்குள் பேச்சு போகாது. அம்மா என் கையில் பஸ்ஸுக்குக் காசைத் திணித்தார். "மதுராந்தகத்துல எறங்கி வேற பஸ் ஏறணும். பள்ளிவாசலுக்குப் பின்னால தெரு. வூடு ஞாபகம் கீதுல்ல? கைய வுடாத" என்றார். பிறகு சின்னம்மாவின் துப்பட்டி நுனி தரையில் இழுபட்டதைக் குனிந்து எடுத்து, தோளில் சரியாகப் போட்டுவிட்டார்.

கருங்குழி வீட்டில் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். சின்னம்மா தட்டை அவளிடம் நீட்டினார். "பெருநாள்" என்றார். அவள் துணியை விலக்கி ஒரு பிறையை எடுத்துக் கடித்தாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு, "மா, வாயில போட்டா கரையுது!" என்று கத்தினாள். சின்னம்மா அவள் தலையில் கைவைத்து ஏதோ ஓதினார்.

பெண்ணின் அம்மா எழுந்து வந்தார். "இவங்க யாரு கண்ணு?"

"எங்க சின்னம்மா. சின்னத்தாவோட சின்னம்மா."

பெண்ணின் அத்தா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "அவங்க ஊருக்கே திரும்பிப் பூட்டாங்கன்னு இல்ல சொன்னாங்க? உறவே அத்துப்போச்சின்னு சொன்னாங்களே?" இது என்னைக் கேட்டது. எனக்குத் தெரியவில்லை.

சின்னம்மாவுக்குப் புரிந்தது. "நான் போகல. நான் இங்க. எங்க போறது?" என்றார்.

அந்த மனிதர் பாயை எடுத்து விரித்தார். பிறகு, "ஒக்காருங்கம்மா. பெருநாளும் அதுவுமா சாப்புடாம போவக் கூடாது" என்றார்.

சாப்பிட்டோம். சின்னம்மா இரண்டு கவளத்துக்குமேல் எடுக்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது பெண்ணின் அம்மா உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தார். அதில் மாமி கொடுத்த பட்டுப் புடவை மடித்து வைக்கப்பட்டிருந்தது, அதன்மேல் மோதிரம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருநாளைக்கு வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாது என்று சின்னம்மாவுக்கு அன்பளிப்பு கொடுக்கிறார்கள் என்றே நான் நினைத்தேன். இப்படிப்பட்ட தாராளமான மனிதர்களை அதுவரை கண்டதில்லை.

ஆகவே வீட்டுக்குள் நுழைந்ததும் நான்தான் முதலில் கத்தினேன். "கருங்குழில சின்னம்மாவுக்குப் பட்டுப்புடவ குடுத்தாங்க! மோதரமும்!"

மாமி தட்டைப் பார்த்தார். வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "கெடுத்துட்டியேடி! குடும்பத்த சந்தி சிரிக்க வெச்சிட்டியே! எந்த நாய்டி ஒனக்கு வழி காட்டுனது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமி என் காதைப் பிடித்துவிட்டார்.

"புள்ளைய வுடுங்க" என்றார் அம்மா. "நான்தான் அனுப்பிச்சேன்."

மாமியை எதிர்த்து அம்மா பேசியது அன்றுதான். அத்தா கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடிக்கவில்லை. சின்னத்தா அறையிலிருந்து வெளியே வந்து புடவையைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார். பிறகு அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். சின்னம்மா பதில் சொன்னார். கோபமா, கெஞ்சலா என்று தெரியாதபடி இருவரும் நெடுநேரம் பேசினார்கள். நாங்கள் சுற்றி நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிக்காஹ் நின்றுபோனது. மாமி அதற்குப் பிறகு சின்னம்மா சுட்ட எதையும் தொட்டதில்லை. கருங்குழிப் பெண்ணை அடுத்த வருஷம் வேறு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். சின்னத்தாவும் சின்னம்மாவும் அதே வீட்டில், குழந்தை இல்லாமலே வாழ்ந்து முடித்தார்கள். அன்று அவர் கல்யாணத்தைத் தடுக்கத்தான் போனாரா, வரப்போகிறவளைப் பார்த்து வாழ்த்தத்தான் போனாரா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கிற வயது வந்தபோது அவர் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நடந்தது ஒன்று உண்டு. மதுராந்தகம் ஏரி தாண்டியதும் சின்னம்மா அழ ஆரம்பித்தார். சத்தமில்லை, துப்பட்டிக்குள் தோள் மட்டும் குலுங்கியது. இடையிடையே தமிழில் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"சின்னப் பிள்ளை. சின்னப் பிள்ளை."

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வழி காட்டி அழைத்து வந்ததற்கு மெச்சுகிறார் போல என்று பெருமையாக இருந்தது. அவர் தோளில் சாய்ந்து, செய்யூர் வருவதற்குள் தூங்கிப்போனேன்.