உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம்

என் நாத்தனாருக்கு வீட்டில் பட்டாசு என்று பெயர். பதிப்பகம் ஒன்றில் தட்டச்சு வேலை. விரலும் வேகம், வாயும் வேகம். ஒரு காய்ச்சலில் என் காது போன பிறகு, செவிடன் காதில் சங்கு ஊதுவதைப் பற்றிச் சிலர் என்னை வைத்துக்கொண்டே பேசினார்கள். கேட்காது என்ற தைரியம். பட்டாசு அதையும் கணினியில் தட்டி எனக்குக் காட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் அவள் கணினியும் இருக்கும். யார் என்ன பேசினாலும் அடுத்த நொடி திரையில் வந்துவிடும். "அண்ணன் ருசியைக் குறை சொல்லிட்டு இருமுற மாதிரி நடிக்கிறாரு" என்பதுவரை வரும். கோள் சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் கோளில்தான் நான் உயிர் வாழ்ந்தேன்.

பிறகு அவள் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. இப்படியே தட்டினால் விரல்கள் மரத்துப்போகும் என்று டாக்டர் பட்டை கட்டி அனுப்பினார். மேசை மௌனமானது. எல்லோரும் சிரிப்பார்கள்; என்னவென்று கேட்டால் என் கணவர் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுவார். உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத சொல் அந்த ஒன்றுமில்லைதான். அவள் கைக்காக வருந்தினேன், அதைவிட எனக்காக வருந்தினேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நான் செல்போன் பழுது பார்ப்பவள். பழுதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அவள் பழைய விசைப்பலகையை உற்றுப் பார்த்தேன். தோள் அகலத்துக்கு இருக்க வேண்டிய இரண்டு கைகளும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு, மணிக்கட்டை வெளியே ஒடித்துத்தான் தட்ட வேண்டியிருந்தது. பலகையை இரண்டாகப் பிரித்துவிட்டால் என்ன?

ஒரு மத்தியானம் அவள் பட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கைகள் தலைக்கு இருபுறமும் தளர்ந்து கிடந்தன. இதைவிடச் சரியான அளவு எங்கே கிடைக்கும்? தாளைச் செருகிப் பென்சிலால் விரல்களைச் சுற்றி வரைந்தேன். ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது. பாதி வரையும்போது அவள் விரல்கள் அசைந்தன. தூக்கத்திலும் தட்டுகிறாள். எந்த விரலில் எந்த எழுத்து என்பது எனக்கு மனப்பாடம். உயிரெழுத்தெல்லாம் இடது கையில், மெய்கள் வலது கையில். வ, ங இரண்டு மட்டும் வீடு மாறி இடப்பக்கம் குடியிருப்பவை. இடது சுண்டுவிரல் அழுந்தியது: அ. மோதிர விரல்: இ. கனவில் யாருக்கோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். வரைவதை மறந்து அவள் கனவுக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தாள்தான் வரைபடம். நடுவிரல் வரிசையை மேலே ஏற்றி, சுண்டுவிரல் வரிசையைக் கீழே இறக்கி, கட்டைவிரல் விழுந்த இடத்தில் இடைவெளி விசையை வைத்தேன். பலகை அறுத்து, ஒவ்வொரு விசையாகப் பற்றவைத்தேன். தூக்கத்தில் அவள் வலது கை கொஞ்சம் கோணலாக இருந்ததால் வலப்பாதியும் கோணலாகவே வந்தது. திருத்த மனம் வரவில்லை.

இதிலும் வலித்தால் தட்டச்சையே விட்டுவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள். இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். திரையில் வந்தது இவ்வளவுதான்:

அஇ வி

முதல் சொல் புரிந்தது. 'அண்ணி'யில் மெய்யை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதுதான். ஆனால் இந்த 'வி'? வலி என்று தட்டினாலும் வி, வலிக்கல என்று தட்டினாலும் வி. மெய் வந்து சேராமல் எப்படித் தெரியும்? அவள் உதட்டைப் பார்த்தேன். அதுவும் 'வலி' என்ற பாதியோடு மூடிக்கொண்டது. வலப்பாதியைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பாதிகளையும் இணைக்கும் வயர் என் மடியில் கிடந்தது. ஊரார் போனையெல்லாம் சரிசெய்யும் மேதை, வயரைச் செருகவில்லை.

உடனே செருகினேன். "இன்னொரு தரம் அடி" என்றேன்.

அண்ணி வலிக்கல

அவள் தோளில் முகம் வைத்து அழுதுவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் என் கணவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். என்னவென்று கேட்டேன். வழக்கம்போலக் கையை ஆட்டினார். அதற்குள் திரை ஓடியது.

"ஒண்ணுமில்லையாம். பொய். பலகை கோணலா இருக்கு, செஞ்சவங்க புத்தி மாதிரியேன்னு சொல்றாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அதே நேரத்தில் நானும் சிரித்தேன்.