சந்திரா வேஷம் கட்டிய துலுக்கானம்

பூந்தமல்லித் துலுக்கானம் பெண் வேஷம் கட்டி வந்தால் பெற்ற தாயே அடையாளம் தெரியாமல், "யாரும்மா நீ, உள்ள வா" என்பாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். கெங்கம்மாள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே துலுக்கானம்தான்.

வெள்ளைக்காரன் காலம். பேசும் படம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. வரதன் வாத்தியாரின் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் பொம்பளை வாசனையே கிடையாது. ராணியானாலும் தோழியானாலும் மீசை அரும்பாத பையன்தான். விவரம் தெரியாத வயசிலேயே அங்கே போய்ச் சேர்ந்த துலுக்கானம், பதினேழு வயசுக்குள் பெரிய ஸ்திரீபார்ட் என்று பெயர் வாங்கிவிட்டான். வாங்கிக் கொடுத்தது 'மங்களத் தோப்பு' நாடகம். பெரியவர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு மாந்தோப்பில் கூடி, காதலையும் கண்ணீரையும் பாட்டாகவே பாடித் தீர்க்கிற விடலைப் பிள்ளைகளின் கதை. அதில் கதாநாயகி சந்திரா. காதலனைப் பிரித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் துலுக்கானம் மாரில் அடித்துக்கொண்டு மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுவான். பிறகு ஒரு விருத்தம் எடுப்பான் பாருங்கள், கொட்டகைக்கு வெளியே சுண்டல் விற்கிறவள்கூட மூக்கைச் சிந்துவாள். தரை டிக்கெட்டில் கடைசியாக உட்கார்ந்திருக்கிறவன் அழவில்லை என்றால் துலுக்கானத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்த நாடகத்தைத்தான் டாக்கியாக எடுக்கப் பட்டணத்திலிருந்து ஒரு முதலாளி வந்தார். கம்பெனியே கால் தரையில் பாவாமல் திரிந்தது. "யம்மா, இனிமே ஊரு ஊரா என் மூஞ்சிதான்" என்று துலுக்கானம் தாயிடம் சொல்லிவிட்டான். தெருவிலும் சொல்லிவிட்டான்.

சில நாள் கழித்து வரதன் கூப்பிட்டனுப்பினார்.

"மத்த பசங்க அல்லாரும் அவனவன் வேஷத்தையே கட்டலாமாம். உன்னுது மட்டும்தான்டா..."

"என்னுதுக்கு இன்னா வாத்தியாரே?"

"சந்திராவுக்கு நெசப் பொண்ணே வேணும்ன்றாங்க. காமிரா கிட்டக்க வந்து பாக்குமாம். உன் தொண்டைல துருத்திக்கினு கீற எலும்பை மறைக்க முடியாதாம்."

துலுக்கானம் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். நேற்றுவரை அங்கே ஒரு எலும்பு இருப்பதே அவனுக்குத் தெரியாது.

வந்தவள் மாங்காட்டு வரலட்சுமி. கிராமபோன் தட்டில் பாடியிருக்கிறாளே தவிர, மேடையை மிதித்ததில்லை. இதில் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாற்போல, அவளுக்குச் சந்திராவைச் சொல்லிக் கொடுக்கிற வேலையை வரதன் துலுக்கானத்தின் தலையிலேயே கட்டினார்.

முதல் நாள் அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அது பாட்டுக்கு நின்றது. அந்த ஒரு செருகலுக்காகத் துலுக்கானம் வருஷக்கணக்கில் வரதனிடம் பிரம்படி பட்டவன். இவளுக்கு என்னடாவென்றால் பிறந்த பிறப்பே போதும். அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. இவள் படத்தில் கேவலப்பட்டு ஓட வேண்டும், சந்திரா திரும்பித் தன்னிடம் வர வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினான்.

"அண்ணாத்தே, அந்த அழுவுற எடம் எப்படி?" என்று கேட்டாள் அவள்.

"அழுவாத" என்றான். "கையைத் தூக்காத. நின்ன எடத்துலயே நில்லு. பக்கத்துல கீறவளுக்குக் கேட்டா போதும், அப்டிப் பாடு. ஏரிக்கரைலதான் படம் புடிக்கிறாங்க, அழுகை வந்தா ஒதட்டைக் கடிச்சிக்கினு தண்ணியப் பாரு."

எந்தெந்தத் தப்புக்கெல்லாம் அவன் முதுகில் பிரம்பு விழுந்ததோ, அத்தனையையும் வித்தை என்று சொல்லி அவள் தலையில் ஏற்றினான். பாவம், அவள் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் படம் பிடித்தார்கள். அவள் கவிழ்வதைக் கண்ணால் பார்க்கத் துலுக்கானமும் போய் நின்றான். முதலில் கம்பெனிப் பையன்கள் நடித்தார்கள். கொட்டகை வழக்கப்படி கையை வீசி, தொண்டை கிழியக் கத்தினார்கள். சவுண்டுக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டுத் திட்டினார். பிறகு வரலட்சுமி வந்து நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள், அவ்வளவுதான். உதடு மட்டும் அசைந்தது. துலுக்கானம் நின்ற இடத்துக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. செத்தாள் இவள் என்று அவன் மனசு குளிர்ந்தது.

காமிராவை ஒட்டி நின்றிருந்த, தமிழே தெரியாத வங்காளத்து டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாப் பையன்களையும் கூப்பிட்டு, இந்தப் பெண்ணைப் பார்த்து நடியுங்கள் என்று ஆள் வைத்துச் சொன்னார்.

"நான் இன்னா பண்ணேன். அல்லாம் துலுக்கானம் அண்ணாத்தே சொல்லிக் குடுத்தது" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்துவிட்டது.

படம் பூந்தமல்லி டென்டுக் கொட்டகைக்கு வந்தபோது கெங்கம்மாள் முந்தானை நனைய அழுதாள். "அந்தப் பொண்ணு இன்னாமா அழுவுது பார்றா."

"அவ எங்கம்மா அழுவுறா? சும்மா நின்னுகினு கீறா."

"அதான்டா" என்றாள் கெங்கம்மாள்.

சுவர் அகலத்துக்குத் தெரிந்த அந்த முகத்தைத் துலுக்கானம் பார்த்துக்கொண்டே இருந்தான். கூட்டம் சிந்தின கண்ணீர் முழுக்கத் தனக்குச் சேர வேண்டியது என்று நெஞ்சு காந்தியது. பெற்றவளின் கண்ணீரைக்கூட அவள் அடித்துக்கொண்டு போய்விட்டாளே.

அடுத்த படத்துக்கு அவளைக் கேட்டு ஆள் வந்ததும் வரலட்சுமி வெற்றிலைத் தட்டோடு அவன் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். கெங்கம்மாள் பாய் போட்டாள். அவள் உட்காராமல் அவன் காலில் விழுந்தாள்.

"குருவே நீதான் அண்ணாத்தே. இதுக்கும் நீதான் சொல்லிக் குடுக்கணும்."

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை நம்பினவளுக்கு இந்தத் தடவையாவது மனசறிந்து உள்ளதைக் கொடுத்துவிட வேண்டும், தன்னிடம் இருக்கிற உயர்ந்த சரக்கையே கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தான். மேல்துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டான். மாரில் அடித்துக்கொண்டு கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடினான். விருத்தத்தை உச்சத்தில் எடுத்து, கண்ணீர் தாரை தாரையாக ஓடத் தரையில் விழுந்தான். எந்தக் கொட்டகையிலும் அவன் அப்படி நடித்ததில்லை.

வரலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தாள். கெங்கம்மாளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

"போ அண்ணாத்தே, வெளாட்டு காட்டாத. நெசத்துக்குச் சொல்லிக் குடு."

துலுக்கானம் எழுந்து முகத்தைத் துண்டால் துடைத்தான்.

"சரி, வந்து நில்லு" என்றான். "கையைத் தூக்காத."