ஒய் அமுக்கிய விஜயதசமி

ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடும் ஆபீஸில், ஒரு கிழட்டு யூனிக்ஸ் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள் அத்தை. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும். அதை நிறுத்த ஒரு முறை உண்டு. கட்டளை கொடுத்து, அதுவாக அடங்கிய பிறகுதான் சுவிட்சில் கை வைக்கவேண்டும். ஆயுத பூஜையன்று, கருவி எதுவும் ஓடக்கூடாது என்று மேனேஜர், ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சந்தனப் பொட்டு வைத்தார்.

மறுநாள் காலை பெட்டி எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. அன்றுதான் அத்தையைப் பெண் பார்க்க ஜெயங்கொண்டத்திலிருந்து வருகிறார்கள். கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கு அனுப்பமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டவர்கள். "சட்டுனு பாத்துட்டு வந்துடுறேன்" என்று கிளம்பிய அத்தை என்னையும் இழுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரைத் தொட விடுவதாகச் சொன்னதால், அடுப்பிலிருந்த கேசரியைத் தியாகம் செய்தேன்.

சாவியைக் கொடுத்துவிட்டு மேனேஜர் நழுவிவிட்டார். திருச்சி இன்ஜினியரின் குரல் போன் ஸ்பீக்கரில் கரகரத்தது.

"டக்குனு பிளக்கப் புடுங்குனதுல ஃபைலெல்லாம் கலைஞ்சிருக்கு மேடம். ஒவ்வொண்ணா சரிபண்ணவான்னு கேக்கும். ஆமாங்கிறதுக்கு ஒய் போட்டுகிட்டே போங்க. மொத்தமா ஒய் சொல்லவும் கமாண்ட் இருக்கு, சொல்லட்டுமா?"

"வேணாங்க சார். ஒண்ணொண்ணா பாத்தே போடுறேன்."

ஒய் அமுக்கும் பதவி எனக்கு வந்தது. கொஞ்ச நேரம் ராஜாவாக இருந்தேன். அப்புறம் நாற்காலி குத்தியது. காலை ஆட்டினேன், சுற்றினேன், ஜன்னல்வரை ஓடிவிட்டு வந்தேன். கேள்வி நின்றபாடில்லை. இரண்டு ஒய்யைச் சேர்த்து அமுக்கியதும் அத்தை கையைத் தட்டிவிட்டாள்.

"படிச்சுப் பாத்துப் போடுறா மருமவனே. என்ன அவசரம்?"

எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அது இங்கிலீஷில் கேட்டது.

வண்டியில் வந்த அப்பா வாசலிலிருந்தே தங்கையைப் பார்த்துக் கத்தினார். "அவங்க வந்து உக்காந்து எவ்ளோ நேரமாச்சு! கெளம்பு மொதல்ல."

"பாதில வுட்டா மொத்தமும் போயிடும்ண்ணே. நாளைக்கு ஒரு லாரி நகராது."

அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் குலதெய்வம் மாதிரி. புரியாது, ஆனால் பயம் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு, வந்தவர்களைச் சமாதானப்படுத்தத் திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் கேள்விகள் தீர்ந்தன. வரிகள் மளமளவென்று ஓடி, உள்ளே வருபவரின் பெயரைக் கேட்டுத் திரை நின்றது. நாற்காலி மேலேறிக் குதித்தேன். "அத்த, வந்துடுச்சு! வூட்டுக்குப் போலாம்!"

அத்தை தன் பெயரைக் கொடுத்து உள்ளே நுழைந்து எடைக்கணக்கையெல்லாம் சரிபார்த்தாள். ஒரு ஃபிளாப்பியில் நகல் எடுத்து ஹேண்ட்பேக்கில் பத்திரப்படுத்தினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மேசைக்கடியில் குனிந்து, பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கி, மறுபடி செருகினாள்.

"எதுக்கும் இன்னொரு தடவ பாத்துருவோம்டா."

திரை மறுபடியும் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான்தான் ஏதோ ஒரு ஒய்யைச் சொதப்பித் தொலைத்திருக்கிறேன். இந்தத் தடவை பிழை வரக்கூடாதென்று, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மெள்ள, அழுத்தி, அமுக்கினேன். அத்தை என் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். என் வேலையை அவ்வளவு மனதாரப் பாராட்டியவர்கள் இன்றுவரை வேறு யாருமில்லை.