அக்காவை மாடிக்கு ஏற்றியது

முதலியார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீடு தெருவைவிட ஒரு சாண் தாழ்ந்தது. தெருவுக்குத் தார்மேல் தார் போட்டு அப்படி ஆகிவிட்டது. கீழே நானும் அக்காவும். மாடியில், துணிக்கடை வைத்திருக்கும் பாயும் அவர் மனைவியும். பக்கவாதத்தில் அக்காவின் இடப்பக்கம் விழுந்துபோயிருந்தது. பேச்சு மட்டும் பழையபடி இருந்தது.

ஒரு கார்த்திகையில் புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை, வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பாய் குடும்பம் ஊரில் இல்லை. தனியாக என்னால் அக்காவைத் தூக்க முடியவில்லை. கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தேன். தண்ணீர் மெத்தையைத் தொட்டது. மதியம் தண்ணீர் இறங்கும்வரை அவள் ஈரத்திலேயே படுத்திருந்தாள். ரேஷன் கார்டும் கதிர்காமம் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் கூழாகிவிட்டன.

அடுத்த ஐப்பசி பிறந்ததும் ஏற்பாடுகளை ஆரம்பித்தேன். புதிதாக வாங்கிய சீட்டுகளை மூடி இறுகும் டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்தேன். ஒரு மாதத்து மாத்திரைகள், டார்ச், பிஸ்கட், மாற்றுத்துணி, நாலு குடிநீர்க் கேன். எல்லாம் மேலே ஏறிவிட்டன. அக்கா மட்டும்தான் கீழே.

பாயிடம் கேட்டேன்.

"இதுக்கு என்னாத்துக்குத் தயங்கறீங்க, நாம ரெண்டு பேரு தூக்குனா ஆவுது" என்றார்.

கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் இரண்டு அரிசி மூட்டைகளைப் பழைய வேட்டியால் கட்டினோம். மாடிக்குப் பதினேழு படி. நடுவில் ஒரு திருப்பம். மூன்று முறை ஏற்றிப் பார்த்தோம். அக்கா வாசலில் சக்கர நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரிசி மூட்ட பயப்படாதுடா. என்ன வெச்சுத் தூக்கிப் பாருங்க."

வைத்தோம். முகம் மாடியைப் பார்க்க, பாய் முன்னால், நான் பின்னால். ஐந்தாவது படியில் அவள் தலை பின்னால் சாய்ந்தது. வலக்கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எறக்கு" என்றாள். இறக்கிவிட்டோம். இரண்டு நாள் அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை. பரணில் இருப்பதையெல்லாம் நான் இன்னொரு முறை சரிபார்த்தேன்.

மூன்றாம் நாள் காப்பி குடித்துக்கொண்டே சொன்னாள். "மூஞ்சி கீழப் பாக்கணும். முதுகுதான் முன்னால போவணும். அப்பத்தான் நான் சாய்ஞ்சு ஒக்காந்துக்க முடியும். பாய்கிட்ட சொல்லு."

அப்படியே செய்தோம். பதினேழு படியும் ஏறியாயிற்று. மேலே பாயின் மனைவி தண்ணீர் கொடுத்தார். அக்கா வாங்கிக் குடித்தாள்.

கார்த்திகைக் கடைசியில் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் மெயின் சுவிட்சை அணைத்தேன், சிலிண்டரை மூடினேன். பாய் தானாகவே இறங்கி வந்தார். ஐந்து நிமிஷத்தில் அக்கா மேலே இருந்தாள். ஒன்பது மணிக்குக் கீழே முழங்கால் அளவு தண்ணீர்.

அந்தத் தெருவில் இத்தனை வருஷம் இருந்தும் அதை மேலிருந்து அவள் பார்த்ததில்லை. பாயின் மனைவி அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார். படகில் பால் பாக்கெட் கொண்டுவந்தவர்களை அக்கா எங்களுக்கு முன்பே பார்த்துச் சொன்னாள். அவளும் பாயின் மனைவியும் கஞ்சி குடித்தபடி சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. சேற்றை வழித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டு அவளைக் கூப்பிடப் போனேன்.

"தர காயட்டும்டா" என்றாள்.

தரை காய்ந்துதான் இருந்தது. "சரிக்கா, நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். தனியாகச் சாப்பிட்டேன். கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

இன்னும் இரண்டு நாள் கழித்து அவளாகவே வரச்சொன்னாள். ஏற்றுவதற்குத்தான் பழகியிருந்தோம், அவளை மேலிருந்து இறக்கியிருந்தது ஒரே ஒரு முறை. படிக்குப் படி நின்று இறக்கினோம். கால்மணி நேரம் ஆயிற்று. பாய்க்கு வேர்த்துவிட்டது. கடைக்கு நேரமாகிறது என்று அவர் ஈரச் சட்டையோடே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.