தொண்ணூற்றொரு சதவீதத்தில் நின்ற ஜிப்சி ஜாஸ்

திட்டுவதென்றால் இந்த இணையக் கிடார் குழுவிலேயே திட்டிவிடுங்கள்.

ஜிப்சி ஜாஸ் கிடாரில் வலது கை தாளம் மட்டும் எனக்கு வரவே இல்லை. அதற்கு ஒருவர் இணையத்தில் ஒலிப்பாடம் போட்டிருந்தார். இரண்டு நிமிடப் பாடம், இறங்க ஒரு மணி நேரம். நடுவில் கனெக்‌ஷன் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்று காலை எழுபது சதவீதம் இறங்கியிருந்தபோது கீழ் வீட்டு மாமி வந்தார். அவர் வீட்டில் போன் இல்லை, எங்கள் நம்பரைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்.

"மாமாவுக்கு இன்னிக்கு ராயப்பேட்டைல ஆபரேஷன். ரகு ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன்னான்" என்று போன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இன்டர்நெட்டும் அதே போன் லைனில்தான்; மோடம் ஓடும்போது போன் அடிக்காது. மாமிக்கு அது தெரியாது என்று நினைத்தேன். இன்னும் இருபது நிமிடம்தானே என்று வாயைத் திறக்கவில்லை. மாமி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

தொண்ணூற்றொன்றில் தாங்கவில்லை. மோடம் ஒயரைப் பிடுங்கினேன். சற்று நேரத்தில் போன் அடித்தது.

ரகு கத்தியது எனக்கே கேட்டது. "எவ்ளோ நேரமா எங்கேஜ்டு. உள்ள போறதுக்கு முன்னாடி உன்னோட பேசணும்னார் அப்பா. இப்போ கூட்டிண்டு போயிட்டா. யாரும்மா பேசிண்டிருந்தா?"

மாமி என்னைப் பார்த்தார்.

"நான்தான்டா. பெரியம்மாவோட பேசிண்டிருந்தேன்."

மத்தியானம் மாமா கண் விழித்துவிட்டார். மாமியே மேலே வந்து சொன்னார். கூடவே, "உன் பாட்டு பாதியில நின்னுடுத்தா?"

இதை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அடிக்கிறேன். அந்தப் பாடம் யாரிடமாவது இருந்தால் கேசட்டில் பதிந்து கொடுங்கள். வீட்டில் இறக்கிக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.