சங்கிலி ஜெபத்தில் பத்து மணி

சலூன்காரருக்கு சபையில் வைத்திருந்த பெயர் மைக்செட். யார் வைத்தது என்று இன்றுவரை பிடிபடவில்லை, பாஸ்டரம்மா மேல்தான் பலத்த சந்தேகம். சலூன்காரர் ஜெபிக்க எழுந்து தொண்டையைச் செருமினாலே, கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். உலகத் தலைவர்கள், மழை, விதவைகள், தெருமுனையில் பள்ளம் தோண்டிவிட்டு மூடாமல் போனவர்களின் மனந்திரும்புதல் என்று ஒரு பெரிய சுற்று சுற்றித்தான் ஆமென் பக்கம் வருவார். அதற்குள் பாதி சபைக்குக் கால் மரத்துப்போயிருக்கும்.

கடையிலும் ஊழியம் உண்டு. வாடிக்கையாளர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, ரட்சிக்கப்பட்டுட்டீங்களா?" என்று கேட்பார். அந்த நேரத்தில் எவன் இல்லை என்று சொல்வான்?

இப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி. அது அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், இரண்டு தெரு தள்ளி பஞ்சர் கடை வைத்திருப்பவர். எதிரி என்று அந்த ஆளுக்கே தெரியாது என்பதுதான் இதில் பெரிய கொடுமை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு கிடையாது. கேட்டதற்குப் பதில், அதுவும் பாதி. சபையில் கடைசிக்கு முந்தின பெஞ்சின் சுவரோரம் அவர் இடம். ஆண்டவர் தனக்கு இன்னது செய்தார் என்று ஒருநாளும் எழுந்து சாட்சி சொன்னதில்லை.

ஆனால் யாருக்காவது காய்ச்சல் விடவில்லை என்றாலோ, மகளுக்குப் பிரசவ வலி எடுத்தாலோ, நேரே பஞ்சர் கடைக்குத்தான் போவார்கள். "கொஞ்சம் ஜெபத்துல நினைச்சுக்கோங்க" என்பார்கள். அவரும் டியூபிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி" என்பார். அந்த ஒரு 'சரி'யை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போவார்கள். பஞ்சர் கடைக்குப் போக சலூனைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொருவர் தாண்டும்போதும் சலூன்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருமுறை இப்படிப் பார்த்துக்கொண்டே வெட்டியதில் ஒரு வாத்தியாருக்கு ஒரு பக்கக் கிருதா காணாமல் போய்விட்டது.

பஞ்சர்க்காரருக்கு இந்த மரியாதை சும்மா வந்துவிடவில்லை. அவருக்கு ஒரே பையன் இருந்தான். இரத்தத்தில் நோய். சபையே அழுது ஜெபித்தது. சலூன்காரர் எல்லார் முன்னாலும் கையை உயர்த்தி, "பையன் பிழைப்பான், ஆண்டவர் எனக்குச் சொல்லிட்டார்!" என்று முழங்கினார். பையன் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, சலூன்காரர் முகத்தைக் காட்டக் கூசி வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டார். பஞ்சர்க்காரர் போனார். அதே பெஞ்ச், அதே சுவரோரம். எல்லாரும் பாடினபோது வாயைத் திறந்து பாடினாராம். அன்றைக்குச் சபையின் கண் அவர் பக்கம் திரும்பியது, பிறகு மைக்செட் பக்கம் வரவே இல்லை.

பிள்ளையைப் பறிகொடுத்தவனைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? சலூன்காரர் பட்டார். அதை நினைத்தால் அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வயிற்றெரிச்சல் என்ன, நியாயம் கேட்டுக்கொண்டா வருகிறது?

இந்த நிலையில்தான் அவர் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சலூன்காரர் மனைவியின் தலையில் கை வைத்து ஒரு மூச்சு ஜெபித்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்து ஓய்ந்தது. ஆமென் சொன்னதும் அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"என்னங்க... தங்கச்சி வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். தம்பி ஜெபம் பண்ணா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்."

"அப்போ நான் இவ்வளவு நேரம் என்ன பண்ணேன்? பாட்டா பாடினேன்?"

"நீங்க பண்ணதும்தான். இருந்தாலும்..."

அந்த 'இருந்தாலும்' போதும். அன்று முழுக்க சலூன்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஊரார் போனது போகட்டும். கட்டின பெண்டாட்டி, தன் உயிருக்கு ஆபத்து என்றதும் அடுத்தவன் ஜெபத்தைக் கேட்கிறாள்! மனைவி பிழைக்க வேண்டும் என்பது அவர் உயிர். அவள் தன் ஜெபத்தால்தான் பிழைக்க வேண்டும் என்பதும் கிட்டத்தட்ட அதே அளவு உயிர்.

ஆபரேஷன் காலை பத்து மணிக்கு என்று முடிவானது. பாஸ்டர் சங்கிலி ஜெபம் அறிவித்தார். அதாவது, விடிந்ததிலிருந்து மாலைவரை ஆளுக்கு ஒரு மணி நேரம் சபையில் முழங்காலில் இருக்க வேண்டும், ஒருவர் எழுந்திருப்பதற்குள் அடுத்தவர் வந்துவிட வேண்டும், நடுவில் அறுந்துவிடக் கூடாது. நேரம் பிரித்துக் கொடுத்தது பாஸ்டரம்மா.

"பத்து மணி முக்கியமான நேரம். அதைப் பஞ்சர் அண்ணனுக்குக் கொடுத்திடலாம்" என்றார்.

"அதை எனக்குக் கொடுங்க" என்றார் சலூன்காரர்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருக்க வேண்டாமா?"

"ஆஸ்பத்திரியில நான் என்னம்மா பண்ணப் போறேன்? கத்தி பிடிக்கிறது டாக்டர், நானா? என் பொண்டாட்டிக்காக நான்தான் திறப்பில் நின்னு ஆண்டவர்கிட்ட மன்றாடணும்."

"கத்தி பிடிக்கிறதுல உங்களுக்கும் அனுபவம் உண்டுதானே" என்று பாஸ்டரம்மா சிரித்தார். பிறகு, "அப்போ பஞ்சர் அண்ணனுக்கு எந்த நேரம்?" என்று கேட்டார்.

"அவனுக்குக் கடை இருக்கு. தொந்தரவு பண்ணாதீங்க."

இப்படியாக, சங்கிலியில் சகலைக்கு ஒரு கண்ணிகூட இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. மனைவியை ஆஸ்பத்திரியில் கொழுந்தியாளிடம், அதாவது பஞ்சர்க்காரர் மனைவியிடம், ஒப்படைத்தார். "பத்து மணிக்கு நான் முழங்கால்ல இருப்பேன், பயப்படாதே" என்று சொல்லிவிட்டுச் சபைக்குக் கிளம்பினார். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க நேரமில்லை, பத்தாகிவிடும்.

அந்த ஒரு மணி நேரம் அவர் ஜெபித்த ஜெபம் இருக்கிறதே, சும்மா சொல்லக் கூடாது. வாழ்நாளில் அப்படி ஜெபித்ததில்லை. டாக்டரம்மாவின் கை, மயக்க மருந்து கொடுப்பவரின் கண், கத்தரி, ஊசி, நூல் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தார். வெள்ளைவெளேரென்ற விளக்கடியில் மனைவி படுத்திருப்பதும், தன் ஜெபம் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போவதும் கண்ணால் பார்ப்பதுபோல் இருந்தது. கண்ணீரும் வந்தது. நடுவில் ஒருதரம் மட்டும், இதை யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. பெருக்குகிற அம்மாகூட அன்றைக்கு லீவு.

பதினோரு மணிக்கு அடுத்த மணி நேரத்துக்கு உரியவர், துணி தேய்த்துக் கொடுக்கிற அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சலூன்காரர் தொண்டை கட்டிப்போய், வெற்றி வீரராக வாசலுக்கு வந்து கொழுந்தியாளுக்குப் போன் போட்டார்.

"என்னம்மா, நல்லபடியா முடிஞ்சுதா?"

"எங்க அத்தான் முடிய? இன்னும் உள்ளேயே கூட்டிட்டுப் போகல. டாக்டருக்கு வேற அவசர கேஸ் வந்துடுச்சாம். அக்காவை ஸ்ட்ரெச்சர்ல போட்டு வராந்தாவில விட்டுட்டாங்க. குளிர்ல நடுங்கிட்டுக் கிடக்கா. அப்போலேர்ந்து உங்களைத்தான் கேட்டுட்டு இருக்கா."

சலூன்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்படியானால் இத்தனை நேரம் ஜெபித்தது? கத்தரிக்கும் நூலுக்கும் ஜெபித்தோமே, அவை பெட்டிக்குள் அல்லவா இருந்திருக்கின்றன!

வேறொருவராக இருந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார். இவர் திரும்ப உள்ளே ஓடினார்.

"அம்மா, எழுந்திருங்க. ஆபரேஷன் தள்ளிப்போயிடுச்சு. இந்த மணியும் எனக்குத்தான்."

அந்தம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "இது எனக்குக் கொடுத்த நேரம்."

"என் பொண்டாட்டிம்மா!"

"உங்க பொண்டாட்டிக்குத்தான் நானும் ஜெபம் பண்றேன். நான் பண்ணா ஆண்டவர் வாங்க மாட்டாரா? உங்க கையால கொடுத்தாத்தான் வாங்குவாரா?" மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, மூடினபடியே கேட்டார்: "அந்தப் பொண்ணு பக்கத்துல யார் இருக்கா இப்போ?"

சலூன்காரர் வெளியே ஓடினார். பைக்கை எடுத்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மனைவியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கொழுந்தியாள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். வராந்தா பெஞ்சில் பஞ்சர்க்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் சலூன்காரர் மனைவியின் பை. காலடியில் அவள் செருப்பு, ஜோடியாக, ஒழுங்காக. நகத்திலெல்லாம் கறுப்பு, கடையைப் போட்டது போட்டபடி வந்திருக்கிறார்.

"வாங்கண்ணே. இப்போதான் கூட்டிட்டுப் போனாங்க."

"நீ எப்போ வந்தே?"

"ஒம்பதரை இருக்கும். சங்கிலியில எனக்கு நேரம் ஒதுக்கலைன்னு சொன்னாங்க. சரி, இங்கயாவது வந்து இருப்போம்னு வந்தேன்."

இதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் சலூன்காரருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆளுக்குக் குத்தவும் தெரியவில்லை.

"அவ ஏதாவது சொன்னாளா?"

"பயமா இருக்கு தம்பின்னாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்குன்னேன். அப்புறம் பேசல. கதவு வரைக்கும் கூடப் போனேன்."

சலூன்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். வருஷக்கணக்காக உள்ளே புகைந்தது வாய்வழியாக வந்தே விட்டது.

"உண்மையைச் சொல்லு தம்பி. நீ அப்படி என்னதான் ஜெபம் பண்றே? எந்த வேத வசனத்தைப் பிடிச்சுக்கிறே? உபவாசமா? சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பஞ்சர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஜெபமா? பையன் போனதுக்கப்புறம் எனக்கு ஜெபமே வர்றதில்லண்ணே. முழங்கால் போட்டு 'வந்துட்டேன்'னு சொல்லுவேன். யாராவது கேட்டிருந்தா அவங்க பேரைச் சொல்லுவேன். அப்புறம் சும்மா இருப்பேன்."

"அவ்வளவுதானா?"

"ஆண்டவர் மேல எனக்குக் கோபம் இருக்குண்ணே. முகம் கொடுத்துப் பேச மனசு வரல. அதுக்காக எழுந்து போயிட முடியுமா? அப்பன்கிட்டக் கோவிச்சுக்கிட்டா அதே வீட்லதானே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்கார்றோம்."

"கேட்டது கிடைக்கலையேடா உனக்கு!"

"கிடைக்கலதான்." செருப்பில் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. குனிந்து நேராக்கினார். "கிடைக்காததால அவர் இல்லைன்னு ஆயிடுமா? என் பையன் இப்போ அவர்கிட்டத்தானே இருக்கான்."

சலூன்காரர் எதிர்பார்த்தது இரண்டில் ஒன்று. ஏதாவது ரகசியம் இருக்கும், கற்றுக்கொண்டு தானும் செய்யலாம். இல்லையென்றால் எல்லாம் வேஷமாக இருக்கும், ஊரெல்லாம் சொல்லித் திரியலாம். இரண்டும் இல்லை. அந்தக் கதவைத் திறந்து டாக்டரம்மா கையை விரித்தால், வருகிற ஞாயிறு தான் சபைக்குப் போய்ப் பாடுவோமா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார். பாடுவோம் என்று மனசு சொல்லவில்லை. முன்பெல்லாம் சகலைக்குக் கிடைக்கிற மரியாதைமேல் பொறாமை. இப்போது அவருக்குள் இருப்பதன் மேலேயே பொறாமை வந்தது. இது முன்னதைவிட மோசமாக எரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் டாக்டரம்மா வெளியே வந்தார். "கட்டியை எடுத்தாச்சு. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். முடிவு வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது."

ஸ்தோத்திரம் என்று கத்தவும் வழியில்லை, கதறவும் வழியில்லை. மைக்செட்டுக்கு இப்படியொரு சோதனை வந்ததே இல்லை.

வார்டில் மனைவி மெல்லக் கண் விழித்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"எங்க போயிட்டீங்க?"

"சபையில... உனக்காக ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

"சத்தமாவா?"

"நல்ல சத்தமா."

"எனக்குக் கேக்கலையே" என்றார் அந்தம்மா. குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பியை இங்க வந்து கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லுங்களேன்" என்றார்.

"நான் உக்கார்றேன்."

"பேசாமலா? உங்களால முடியுமா?"

"பார்ப்போமே."

கட்டில் பக்கத்தில் இருந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டார். வாய் துருதுருவென்றது. நாக்கு நுனிவரை ஏழெட்டு வசனங்கள் வந்து வரிசை கட்டி நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டார். "வந்துட்டேன்" என்று மனதுக்குள் ஒருமுறை சொன்னார். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்திருக்கிறோம் என்று உறைத்தது. அதற்குமேல் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போது கதவோரம் பஞ்சர்க்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்தவுடனே மனைவியின் முகம் மலர்ந்தது. தன்னைக் கண்டபோது மலராத மலர்ச்சி! சலூன்காரருக்குப் பழைய பொறாமை குப்பென்று ஏறியது.

"நீ கடைக்குப் போ தம்பி" என்றார், பிடித்த கையை விடாமல். "நான் இங்கதான் இருப்பேன்."